கால் கட்டைவிரலில் பற்றும் தீ... அதன் சுவிட்ச்சைக் கண்டுபிடித்த விஞ்ஞானி!

ராத்திரி இரண்டு மணி. கல்யாண வீட்டில் வயிறாரச் சாப்பிட்டு, நண்பர்களோடு பேசிச் சிரித்துவிட்டு வந்து படுத்த ஐம்பது வயதுக்காரர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்கிறார். வலது கால் கட்டைவிரலின் அடிமூட்டு செக்கச்செவேல் என்று வீங்கியிருக்கிறது. தொட்டால் கொதிக்கிறது. போர்வையின் நுனி பட்டாலே உயிர் போகிறது.

"என்னங்க, எங்கயாவது இடிச்சுக்கிட்டீங்களா?" என்று மனைவி பதறுகிறார். இடித்துக்கொள்ளவில்லை. முள் குத்தவில்லை. பூச்சி எதுவும் கடிக்கவில்லை. படுக்கும்போது நன்றாக இருந்த கால்.

மறுநாள் டாக்டர் பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுகிறார்: "கவுட் மாதிரி இருக்கு. யூரிக் ஆசிட் எவ்வளவுன்னு ரத்தப் பரிசோதனை எடுத்துட்டு வாங்க."

யூரிக் ஆசிட் என்ற பெயர் இப்போது எல்லா வீட்டிலும் தெரியும். ஆனால், யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு புதிர் இருக்கிறது. யூரிக் ஆசிட் ஒரு கிருமி அல்ல. விஷமும் அல்ல. நம் உடம்பிலேயே நாள்தோறும் உருவாகி, சிறுநீரில் வெளியேறும் ஒரு கழிவு. உயிரில்லாத அந்தப் பொருள், ஒரே ராத்திரியில் ஒரு மூட்டைத் தணல் மாதிரி கனலவைப்பது எப்படி? தீ வைத்தது யார்?

இந்தக் கேள்விக்கு 2006-ல்தான் சரியான விடை கிடைத்தது. அதைச் சொன்னவர் யுர்க் சோப் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானி. அவர் கவுட் நோய்க்கு மருந்து தேடிப் புறப்பட்டவர் அல்ல. உடம்பின் செல்லுக்குள் இருக்கும் ஒரு சிறிய இயந்திரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். அந்த இயந்திரம் கட்டைவிரலோடு நிற்கவில்லை. மாரடைப்பு, சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய், சர்க்கரை நோய் என்று பல இடங்களில் பின்னர் தலைகாட்டியது.

தங்கள் முழங்காலிலேயே சோதித்த மருத்துவர்கள்

கவுட் நோயாளியின் மூட்டில் திரளும் வெள்ளைக் கட்டிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, உள்ளே ஊசி ஊசியாக ஏதோ இருக்கிறது என்று 1679-லேயே எழுதிவைத்தார் ஹாலந்தின் லீவன்ஹூக். லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் கேரட், கவுட் நோயாளிகளின் ரத்தத்தில் யூரிக் ஆசிட் அதிகம் இருப்பதை 1848-ல் காட்டினார். நோயின் பெயரும் தெரியும், சந்தேகத்துக்குரிய ஆளும் தெரியும். ஆனால், அந்த ஆள்தான் குற்றவாளி என்பதற்குச் சாட்சி இல்லை.

1961-ல் அமெரிக்க மருத்துவர்கள் டேனியல் மெக்கார்ட்டியும் ஜோசஃப் ஹாலண்டரும் கவுட் நோயாளிகளின் மூட்டு நீரை எடுத்து, சிறப்பு ஒளியில் வைத்துப் பார்த்தார்கள். ஊசி வடிவப் படிகங்கள் மின்னின. அவை யூரிக் ஆசிட்டின் உப்புப் படிகங்கள். நம் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராம் வரை யூரிக் ஆசிட் கரைந்திருக்கும். அதைத் தாண்டினால், ஆறிய ஜீராவில் சர்க்கரை பூப்பதுபோலப் படிகமாகத் தொடங்கும். உடம்பில் கால் விரல்கள் மற்ற இடங்களைவிடக் குளிர்ச்சியானவை. படிகம் அங்கே எளிதாகச் சேர்கிறது. கட்டைவிரல் முதலில் மாட்டிக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

படிகம் இருப்பது தெரிந்துவிட்டது. வலிக்குக் காரணம் அதுதானா? மெக்கார்ட்டியும் அவருடன் பணியாற்றிய ஃபெயர்ஸும் ஒரு காரியம் செய்தார்கள். யூரேட் படிகங்களை ஊசி வழியாகத் தங்கள் முழங்கால் மூட்டிலேயே செலுத்திக்கொண்டார்கள். சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கி, வலியில் துடித்தார்கள். 1962-ல் அது மருத்துவ இதழில் கட்டுரையாக வந்தது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி தராது!

படிகம்தான் தீக்குச்சி என்று உறுதியானது. ஆனால், அந்தக் குச்சியை உரசியது யார் என்பது மேலும் 44 ஆண்டுகள் தெரியவில்லை.

ரோஜா முள்ளும் நட்சத்திர மீனும்

நோய் எதிர்ப்புச் சக்தி என்றதும் நமக்குத் தடுப்பூசியும் ஆன்டிபாடியும்தான் நினைவுக்கு வரும். ஒரு கிருமியை ஒருமுறை பார்த்து, அதன் முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த முறை குறி பார்த்து அடிக்கும் படை அது. ஆனால், அந்தப் படை தயாராகச் சில நாள்கள் ஆகும். அதுவரை வாசலில் நிற்பது யார்?

பிறவியிலேயே நம்மோடு வரும் இன்னொரு படை. அதற்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. யார், எவர் என்று விசாரிக்கவும் செய்யாது. 'இது நம் வீட்டு ஆள் இல்லை' என்று தோன்றினால் போதும், பாய்ந்துவிடும். அடிபட்ட இடம் சிவப்பது, வீங்குவது, சுடுவது, வலிப்பது எல்லாம் அதன் வேலை. 'அழற்சி' என்று தமிழிலும் 'இன்ஃப்ளமேஷன்' என்று டாக்டர் சீட்டிலும் எழுதப்படுவது இதுதான்.

இந்தப் படையை முதலில் கண்ணால் பார்த்தவர் ரஷ்ய விலங்கியல் அறிஞர் எலி மெச்னிகாஃப். 1882-ல் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்தார். ஒருநாள் வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட, இவர் மட்டும் நுண்ணோக்கியோடு தனியாக இருந்தார். கண்ணாடிபோல உடம்பு தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், நகரும் செல்கள் முள்ளைச் சுற்றி மொய்த்துக்கொண்டு நின்றன. அதற்கு மூளை கிடையாது, ரத்தம்கூடக் கிடையாது. ஆனால், காவல்காரர்கள் இருந்தார்கள். 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிறகு நடந்தது கொஞ்சம் அநியாயம். அடுத்த எண்பது ஆண்டுகள் விஞ்ஞானிகளின் கவனம் முழுவதும் ஆன்டிபாடி பக்கம் போய்விட்டது. வாசல் காவலர்களை 'ஏதோ முரட்டு ஆட்கள்' என்று ஒதுக்கிவிட்டார்கள். 1989-ல் அமெரிக்காவின் சார்லஸ் ஜேன்வே, 'கிருமிகளுக்கே உரிய அடையாளங்களை உணரும் உணர்விகள் இந்தக் காவலர்களிடம் இருந்தே ஆக வேண்டும்' என்று வாதிட்டார். 1996-ல் பிரான்ஸில் யூல் ஹாஃப்மன் குழு ஈக்களிடமும், 1998-ல் அமெரிக்காவில் புரூஸ் பாய்ட்லர் குழு எலிகளிடமும் அப்படிப்பட்ட உணர்விகள் வேலை செய்வதைக் காட்டின. அதன்பிறகு இந்தத் துறை சூடுபிடித்தது.

அந்த உணர்விகள் செல்லின் மேற்பரப்பில், வாசல் கதவில் இருப்பவை. செல்லுக்குள், வீட்டு நடுக்கூடத்தில் என்ன இருக்கிறது? அங்கேதான் யுர்க் சோப் வருகிறார்.

லாக்கருக்கு இரண்டு சாவி

சோப், 1951-ல் பாசல் நகரில் பிறந்தவர். பின்னர் லோசான் பல்கலைக்கழகத்தில் ஆய்வகம் அமைத்தார். செல்கள் எப்படிச் சாகின்றன, ஒரு செல் இன்னொரு செல்லை எப்படிக் கொல்கிறது என்பதுதான் அவருடைய நெடுநாள் ஆய்வு.

அப்போது நோயியல் உலகில் ஒரு மூலக்கூறு ஏற்கெனவே பிரபலம். பெயர் இன்டர்லூகின்-1. சுருக்கமாக ஐ.எல்-1. நமக்குக் காய்ச்சல் வருவதற்குக் காரணமான முக்கியப் பொருள்களில் ஒன்று. அமெரிக்காவின் சார்லஸ் டினரெல்லோ பல ஆண்டுகள் இதன் பின்னாலேயே அலைந்து, 1970-களில் பிரித்தெடுத்தார். இதன் வீரியம் மிகமிக அதிகம். துளியளவு ரத்தத்தில் கலந்தாலே குளிர்காய்ச்சல், உடம்புவலி எல்லாம் வந்துவிடும். அதனால் உடம்பு அதைத் தயார்நிலையில் வைப்பதில்லை. 'பழுக்காத காய்'போல, வேலை செய்யாத வடிவத்தில் செய்து வைக்கிறது. காஸ்பேஸ்-1 என்ற கத்தரி வந்து நறுக்கினால்தான் அது செயல்படும்.

சரி, அந்தக் கத்தரியை இயக்குவது எது? 2002-ல் சோப்பும் அவர் ஆய்வகத்தில் இருந்த ஃபாபியோ மார்ட்டினானும் கிம்பர்லி பர்ன்ஸும் சேர்ந்து இதற்கு விடை சொன்னார்கள். செல்லுக்குள் சில புரதங்கள் தனித்தனியாகச் சும்மா திரிகின்றன. ஆபத்து தெரிந்ததும் அவை ஒன்றாகச் சேர்ந்து, ஒரு மேடைபோலப் பூட்டிக்கொள்கின்றன. அந்த மேடையில் கத்தரி ஏறியதும் வேலை தொடங்குகிறது. அந்த மேடைக்கு அவர்கள் வைத்த பெயர் 'இன்ஃப்ளமசோம்'. இப்போது அந்தச் சொல் இல்லாமல் நோய் எதிர்ப்பியல் பாடநூலே இல்லை.

இதில் உடம்பு வைத்திருக்கும் பாதுகாப்பு ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். வங்கி லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும் அல்லவா? ஒன்று வங்கியிடம், ஒன்று நம்மிடம். அதேபோலத்தான். முதல் சாவி திரும்பினால், செல் 'பழுக்காத' ஐ.எல்-1-ஐத் தயாரித்து வைக்கும். இரண்டாவது சாவி திரும்பினால்தான் இன்ஃப்ளமசோம் கூடி, அதை நறுக்கி வெளியே அனுப்பும். ஒரு சாவி மட்டும் திரும்பினால் தீ பற்றாது.

டெர்பிஷயர் குடும்பத்தின் காய்ச்சல்

சுவிட்ச் பழுதாகி, எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதற்குச் சாட்சியாக ஒரு குடும்பமே இருந்தது.

இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு விநோத நோய். சின்ன வயதிலேயே அடிக்கடி காய்ச்சல், தோலில் தடிப்பு, மூட்டு வலி. வளர வளரக் காது கேட்காமல் போகும். கடைசியில் சிலருக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். 1962-ல் மக்கிள், வெல்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் இதைப் பதிவுசெய்தார்கள். நோய்க்கு அவர்கள் பெயரே வந்தது. ஆனால், எந்தக் கிருமியும் கிடைக்கவில்லை. எந்த மருந்தும் சரியாகக் கேட்கவில்லை.

2001-ல் அமெரிக்காவின் ஹால் ஹாஃப்மன் குழு, இந்த நோய்க்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தது. அந்த மரபணு உருவாக்கும் புரதத்துக்கு இன்றைய பெயர் என்.எல்.ஆர்.பி-3. சோப்பின் குழு 2004-ல் காட்டியது இதைத்தான்: இந்தப் புரதமும் ஓர் இன்ஃப்ளமசோமைக் கட்டுகிறது. அந்த நோயாளிகளின் செல்களில் அது கட்டுப்பாடில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கிருமியே இல்லாமல் உடம்பு நாள்தோறும் ஐ.எல்-1-ஐ வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது.

அப்படியென்றால் ஐ.எல்-1-ஐ மறித்தால்? வேறொரு நோய்க்காக, முடக்குவாதத்துக்காக, 'அனகின்ரா' என்ற ஊசி மருந்து ஏற்கெனவே கடைக்கு வந்திருந்தது. ஐ.எல்-1 போய் ஒட்டும் இடத்தை முன்கூட்டியே அடைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. 2003-ல் லண்டன் மருத்துவர்கள் மக்கிள்-வெல்ஸ் நோயாளிகள் இருவருக்கு அதைப் போட்டார்கள். வாழ்நாள் முழுக்க விடாமல் துரத்திய காய்ச்சலும் தடிப்பும் சில மணி நேரங்களில் அடங்கின. சில நோயாளிகளுக்குக் கேட்கும் திறன்கூட ஓரளவு திரும்பியதாகப் பின்னாளில் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

ஆய்வகத்தில் ஒரு புரதத்தின் வடிவத்தைப் பற்றிய விவாதம், இத்தனை வேகத்தில் ஒரு குடும்பத்தின் துயரத்தைத் தொட்டுவிடுவது அபூர்வம்.

கட்டைவிரலின் புதிர் அவிழ்ந்தது

2006-ல் சோப் குழு அந்தப் பழைய புதிரைக் கையில் எடுத்தது. 'பெருந்தின்னி' என்று பொருள்படும் பெயர் வாங்கிய மேக்ரோஃபேஜ்களின் முன்னால் யூரேட் படிகங்களைப் போட்டார்கள். வழக்கம்போல அவை விழுங்கின. ஐ.எல்-1 கொட்டியது. பிறகு, என்.எல்.ஆர்.பி-3 இன்ஃப்ளமசோமின் பாகங்கள் இல்லாத எலிகளின் மேக்ரோஃபேஜ்களுக்கு அதே படிகங்களைக் கொடுத்தார்கள். ஐ.எல்-1 ஏறக்குறைய வரவேயில்லை.

படிகம் தானாக மூட்டைச் சுடவில்லை. அதை விழுங்கிய நம் காவல்காரச் செல், 'செரிக்க முடியாத ஏதோ உள்ளே வந்துவிட்டது' என்று அபாயச் சங்கை ஊதுகிறது. சங்கொலி கேட்டு ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்கள் படையெடுத்து வருகின்றன. உங்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சதவிகிதம் போட்டிருக்குமே, அதே நியூட்ரோஃபில்கள்தான். ஒரு கிருமிகூட இல்லாத மூட்டில் போர் நடக்கிறது. வீக்கமும் வலியும் அந்தப் போரின் சேதம்.

அடுத்த ஆண்டே லோசானின் அலெக்சாண்டர் சோ என்ற மூட்டுநோய் மருத்துவரும் சோப்பும் சேர்ந்து, வழக்கமான மருந்துகள் ஒத்துக்கொள்ளாத 10 கவுட் நோயாளிகளுக்கு அனகின்ரா ஊசி போட்டுப் பார்த்தார்கள். 10 பேருக்கும் வலி வேகமாகக் குறைந்தது. சிறிய சோதனைதான். ஆனால், திசை சரி என்று காட்டிவிட்டது.

கல்யாணச் சாப்பாட்டுக்கும் நள்ளிரவு வலிக்கும் என்ன தொடர்பு என்பதும் இங்கே பிடிபடுகிறது. பல பேருக்கு யூரிக் ஆசிட் அதிகம் இருந்தும், வாழ்நாள் முழுக்க ஒரு தடவைகூடக் கவுட் வருவதில்லை. லாக்கரின் இரண்டு சாவியை நினைத்துக்கொள்ளுங்கள். படிகம் ஒரு சாவிதான். பலமான விருந்துக்குப் பிறகு ரத்தத்தில் ஏறும் கொழுப்பு அமிலங்கள் முதல் சாவியைத் திருப்ப முடியும் என்று 2010-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இரண்டும் ஒரே நேரத்தில் கூடும் ராத்திரிதான் அந்த ராத்திரி.

அதனால்தான் முழு உடல் பரிசோதனையில் யூரிக் ஆசிட் கொஞ்சம் கூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, எந்தத் தொந்தரவும் இல்லாதவர் தானாகவே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது தேவையில்லாத வேலை. இன்னொரு பக்கம், கவுட் தாக்கும் நாளில் எடுத்த பரிசோதனையில் யூரிக் ஆசிட் அளவு சரியாக இருப்பதும் உண்டு. அதை வைத்துக் 'கவுட் இல்லை' என்று முடிவுகட்டவும் முடியாது. எண்ணைப் பார்த்து வைத்தியம் செய்வதைவிட, காலைப் பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் போவது நல்லது.

குவாரித் தூசியும் கொழுப்புப் படிகமும்

யூரேட் படிகத்துக்கு மட்டுமா இந்தச் சங்கு ஊதுகிறது? 2008-ல் சோப் குழு அடுத்ததைச் சொன்னது. கல்நார் இழைகளும் சிலிக்கா தூசியும் இதே இன்ஃப்ளமசோமைத்தான் தூண்டுகின்றன. கல் குவாரியிலும் கிரஷரிலும் வேலை பார்ப்பவர்களின் நுரையீரலில் நடப்பது இது. தூசித் துகளை மேக்ரோஃபேஜ் விழுங்குகிறது. அதைச் செரிக்க முடியாது. அபாயச் சங்கு ஊதிவிட்டுச் சாகிறது. துகள் மறுபடி வெளியே விழுகிறது. அதை இன்னொரு செல் வந்து விழுங்குகிறது. மறுபடி சங்கு. குவாரி வேலையை விட்டு வருடங்கள் ஆன பிறகும் நுரையீரல் கெட்டிப்பட்டுக்கொண்டே போவதற்கு இந்த ஓயாத சுழற்சி ஒரு காரணம். இதை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. தூசி பறக்காமல் தண்ணீர் அடிப்பதும், தரமான முகக்கவசமும்தான் வழி. அதைக்கூடச் செய்து தராத இடங்களில் விஞ்ஞானம் என்ன செய்ய முடியும்?

2010-ல் ஜெர்மனியின் ஐகே லாட்ஸ் உள்ளிட்டோர், ரத்தக் குழாய்ச் சுவரில் சேரும் கொலஸ்ட்ரால் படிகங்களும் இதே சுவிட்ச்சைத் தட்டுகின்றன என்று எலிகளில் காட்டினார்கள். மாரடைப்பு என்பது குழாய் அடைப்பு மட்டுமல்ல, குழாய்ச் சுவரில் புகையும் அழற்சியும்கூட என்ற எண்ணத்துக்கு இது வலு சேர்த்தது. சர்க்கரை நோய், அல்சைமர் என்று பட்டியல் நீண்டது.

சோப் அந்தப் பட்டியல் முடிவதைப் பார்க்கவில்லை. 2011 மார்ச் 22 அன்று, ஆல்ப்ஸ் மலையில் நடைப்பயணம் போனபோது திடீரென இறந்துபோனார். வயது 59. அதே ஆண்டு அக்டோபரில் மருத்துவ நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, ஒரு பாதி பிறவி எதிர்ப்பாற்றல் ஆய்வுக்காகப் பாய்ட்லருக்கும் ஹாஃப்மனுக்கும் போனது. இறந்தவர்களுக்கு நோபல் பரிசு கொடுப்பதில்லை. சோப் இருந்திருந்தால் அந்தப் பெயர்களில் ஒன்று மாறியிருக்குமா என்பது விடை தெரியாத கேள்வி.

தீயை அணைத்தால் வரும் பில்

ஐ.எல்-1-ஐ அடக்கினால் மாரடைப்பு குறையுமா? இதை நேரடியாகச் சோதிக்க ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அமெரிக்காவின் பால் ரிட்கர் தலைமையில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த, அழற்சி அளவு கூடியிருந்த 10,061 பேர் கலந்துகொண்டார்கள். கனகினுமாப் என்ற ஊசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. 2017-ல் முடிவு வந்தது. நடுத்தர அளவு மருந்து பெற்றவர்களிடம், மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்து 15 சதவிகிதம் குறைந்திருந்தன. கொலஸ்ட்ரால் குறையவில்லை. அழற்சி மட்டும்தான் குறைந்தது. ஆக, அந்தத் தீ உண்மை.

ஆனால், அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில், தொற்றுநோயால் இறந்தவர்கள் அதிகம். 1,000 பேரை ஒரு வருடம் கவனித்தால், ஊசி போடாதவர்களில் சுமார் 2 பேர், போட்டவர்களில் சுமார் 3 பேர். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மொத்த இறப்பில் வித்தியாசம் இல்லை. இதய நோய்க்கு அந்த மருந்து அனுமதி பெறவில்லை. விலையும் வருடத்துக்குப் பல லட்சம்.

காவல்காரரை அனுப்பிவிட்டால் வீட்டுக்குள் சண்டை நிற்கும்தான். திருடன் வரும் ராத்திரியில் யார் இருப்பது?

டி.வி-யைத் திறந்தால் 'இம்யூனிட்டியை அதிகரிக்கும்' பொடி, பானம், பிஸ்கட் விளம்பரங்கள். எந்த இம்யூனிட்டியை, எந்த அளவுக்கு என்று யாரும் சொல்வதில்லை. டெர்பிஷயர் குடும்பத்தின் உடம்பில் இந்தப் படை குறைவாக இல்லை. அதிகமாக இருந்ததுதான் அவர்களுடைய நோயே!

தாராபுரம் பக்கத்துப் பூ

விலை உயர்ந்த ஊசிக்கு மாற்றாக, ஆய்வாளர்கள் திரும்பிப் பார்த்தது ஒரு பழைய மருந்தை. கோல்ச்சிசின். கவுட் வலிக்கு நூற்றாண்டுகளாகத் தரப்படுவது. 1820-ல் பிரான்ஸின் பெல்லெத்தியே, காவன்டூ இருவரும் குரோக்கஸ்போலத் தோன்றும் ஓர் ஐரோப்பியப் பூச்செடியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். செல்லுக்குள் பொருள்களை எடுத்துச் செல்லும் நுண்குழாய்ப் பாதைகளை இது குலைக்கிறது. படிகத்தைப் பார்த்த செல்லில், கோல்ச்சிசின் இருந்தால் ஐ.எல்-1 வெளிவருவது தடைபடுகிறது என்று சோப்பின் 2006 கட்டுரையே காட்டியிருக்கிறது. ஏன் வேலை செய்கிறது என்று தெரியாமலே இத்தனை காலம் கொடுத்துவந்த மருந்துக்கு, அதில் ஒரு காரணம் கிடைத்தது.

தினம் அரை மில்லிகிராம் கோல்ச்சிசின் இதயத்தைக் காக்குமா? 2019-ல் கனடா தலைமையிலான, 4,745 பேர் பங்கேற்ற ஆய்வு 'ஆம்' என்றது. 2020-ல் 5,522 பேர் பங்கேற்ற ஆய்வும் 'ஆம்' என்றது. 2023-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அந்தக் குறைந்த அளவு மாத்திரையை இதய நோய்க்கு அனுமதித்தது. ஆனால், 2024-ல் வெளியான, மாரடைப்பு வந்த 7,062 பேரைக் கொண்ட ஆய்வில் பலன் எதுவும் தெரியவில்லை. யாருக்கு, எப்போது கொடுத்தால் பலன் என்ற விவாதம் தொடர்கிறது.

கோல்ச்சிசின் விளையாட்டுப் பொருள் அல்ல. மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளைச் சேர்த்து எடுப்பவர்களுக்கும் உயிராபத்து. பக்கத்து வீட்டுக்காரரின் பழைய சீட்டைக் காட்டி வாங்கவே கூடாத மாத்திரை இது. கவுட் உள்ளவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. இது தீயை அணைக்கும், விறகைக் குறைக்காது. அடிக்கடி தாக்குதல் வருபவர்களுக்கு, யூரிக் ஆசிட்டையே குறைக்கும் வேறு மாத்திரையை மருத்துவர் தனியாகத் தருவார். வலி போனதும் அதை நிறுத்திவிடுபவர்கள்தான் திரும்பவும் நள்ளிரவில் எழுந்து உட்காருகிறார்கள்.

என்.எல்.ஆர்.பி-3 சுவிட்ச்சை மட்டும் குறிபார்த்து அணைக்கும் மாத்திரைகள் இப்போது மனிதர்களிடம் சோதனையில் இருக்கின்றன. ஐ.எல்-1-ஐத் தூண்டும் மற்ற இன்ஃப்ளமசோம்களை இவை தொடுவதில்லை. அதனால் தொற்று ஆபத்து குறையலாம் என்பது எதிர்பார்ப்பு.

கோல்ச்சிசின் தரும் செடி ஐரோப்பாவில் மட்டும் வளர்வதில்லை. நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் அது இருக்கிறது. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில் விவசாயிகள் இதைக் 'கண்வலிக்கிழங்கு' என்ற பெயரில் பயிர் செய்கிறார்கள். கிழங்கும் விதையும் கடும் நஞ்சு. ஆடுமாடுகூட அண்டாது. இந்தப் பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் வளைந்து, மகரந்தத்தைவிட்டு விலகி நிற்பதால், தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால் பூக்கும் பருவத்தில் காலை வேளைகளில் ஆட்கள் பந்தல் பந்தலாகப் போய், ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். ஜனவரி, பிப்ரவரியில் காய்களைப் பறித்து, காயவைத்து, சிவந்த விதைகளைப் பிரித்து மூட்டை கட்டுகிறார்கள். அந்த மூட்டைகள் வியாபாரிகள் வழியாகக் கப்பல் ஏறி, ஐரோப்பிய மருந்து ஆலைகளுக்குப் போகின்றன.